இரு டியூக்குகள், ஒரு சத்தியம்: பிரெஞ்சு ஆட்சியில் ஜிரோலாமோ மொரோனே

1499 செப்டம்பர் தொடக்கத்தில் மிலானின் டியூக் லுடோவிகோ ஸ்ஃபோர்சா தன் பிள்ளைகளையும் கருவூலத்தில் எடுக்க முடிந்த பணத்தையும் முன்னதாக அனுப்பிவிட்டு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, புனித ரோமானியப் பேரரசின் தலைவர் மாக்சிமிலியன் ஆண்ட டிரோல் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார். சில நாள்களில் பிரெஞ்சுப் படை சண்டையில்லாமல் நகருக்குள் வந்தது. அக்டோபர் 6 அன்று பிரான்சின் அரசர் பன்னிரண்டாம் லூயி விழாக்கோலத்தோடு மிலானுக்குள் நுழைந்தார். சட்டம் படித்தவரும் முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவருமான ஜிரோலாமோ மொரோனே அந்தப் புதிய ஆட்சியில் கருவூல வழக்கறிஞர் பதவிக்கு வந்தார்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மொரோனே பிரெஞ்சு அரசருக்கு வேலை செய்தார். பிரெஞ்சுக்காரர் விரட்டப்பட்டதும் லுடோவிகோவின் மூத்த மகனுக்கு ஆலோசகரானார். இளைய மகனுக்குத் தலைமைச் செயலராக இருந்து மிலானையே நடத்தினார். பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்டார். கடைசியில் அதே பேரரசரின் படைக்கு மூளையாக இருந்து இறந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு, அவர் விசுவாசமாக இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு தலைவர் எங்கோ தெளிவாக இருந்தார் என்று எடுத்துக்கொள்கிறது. 1499-இன் மிலானில் அப்படி ஒருவர் இல்லை. மொரோனேயின் தொடக்க கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படையெடுப்பா, வாரிசுரிமையா?

லூயி தன்னை மிலானின் பகைவராக அறிவித்துக்கொண்டு வரவில்லை. மிலானின் டியூக் என்ற உரிமையோடு வந்தார். அவருடைய பாட்டி வாலென்டினா, மிலானின் முதல் டியூக் ஜியான் கலேயாஸோ விஸ்கொன்டியின் மகள். விஸ்கொன்டி குடும்பத்தின் ஆண் வாரிசு 1447-இல் அற்றுப்போனது. அதன்பின் மூன்றாண்டு காலம் மிலான் குடியரசாக இருந்தது. 1450-இல் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா என்ற கூலிப்படைத் தலைவர் நகரைக் கைப்பற்றினார். அவருடைய உரிமை, கடைசி விஸ்கொன்டியின் முறைசாராப் பிறப்பான மகளை மணந்தவர் என்பதும், கையில் படை இருந்தது என்பதும்தான். லூயியின் வழக்கறிஞர்கள் கண்ணில் ஸ்ஃபோர்சாக்கள்தான் அபகரித்தவர்கள்.

லுடோவிகோவின் உரிமை அதைவிடவும் பலவீனமானது. அவர் தன் அண்ணன் மகன் ஜியான் கலேயாஸோவைப் பெயரளவுக்கு டியூக்காக வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் தானே ஆண்டார். 1494-இல் அந்த இளைஞர் இறந்தபோது, அவருடைய சிறு மகனை ஒதுக்கிவிட்டுத் தானே டியூக் ஆனார். மிலானுக்கு மேலாண்மை உரிமை கொண்ட மாக்சிமிலியனிடமிருந்து பட்டமளிப்பு வாங்குவதற்குத் தன் அண்ணன் மகளை 4,00,000 டுகாட் சீதனத்தோடு அவருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். அதே மாக்சிமிலியன் 1505-இல் லூயிக்கும் மிலானின் பட்டமளிப்பைத் தந்தார். ஒரே நாட்டுக்கு ஒரே மேலாண்மையாளர் ஏறத்தாழ பத்தாண்டில் இரு பகைவர்களுக்குப் பட்டம் கட்டியிருந்தார். பிரெஞ்சுக்காரரை இத்தாலிக்குள் முதலில் கூப்பிட்டதும் லுடோவிகோதான்: 1494-இல் பிரான்சின் அரசர் எட்டாம் சார்லஸ் நேப்பிள்ஸை நோக்கிப் போனபோது அவருக்குக் கதவு திறந்துவிட்டவர் இவர்.

சட்டம் படித்த ஒருவர் இதையெல்லாம் எப்படிப் பார்த்திருப்பார்? அக்காலச் சட்ட வல்லுநர்கள் திருச்சபைச் சட்டத்திலிருந்து ஒரு கொள்கையை வளர்த்திருந்தனர்: பதவியில் இருப்பவர் சாவார், பதவி சாகாது. இதை விரித்து எழுதியவர்களில் முதன்மையானவர் பால்டஸ். அவர் தன் கடைசி ஆண்டுகளில் மிலான் அரசின் பல்கலைக்கழக நகரமான பவியாவில் கற்பித்து 1400-இல் அங்கேயே இறந்தவர். இந்தக் கொள்கையின்படி ஓர் அதிகாரி சேவை செய்வது லுடோவிகோவுக்கோ லூயிக்கோ அல்ல, மிலானின் டியூக் என்ற பதவிக்கு. அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் வரிக்கணக்கும் வழக்குக் கட்டும் அப்படியே இருக்கும். மொரோனேக்கு இது வசதியான வாதம். ஆனால் வசதியானது என்பதாலேயே பொய்யாகிவிடாது.

கருவூலத்தின் குரல்

அவருடைய பதவியைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். கருவூல வழக்கறிஞர் என்பவர் நீதிமன்றத்தில் டியூக்கின் வருமானத்துக்கும் உரிமைக்கும் வாதாடுபவர். உப்பு வரி, சுங்கம், ஆற்று நீர் உரிமை, வாரிசில்லாமல் விடப்பட்ட நிலம், குற்றவாளிகளிடமிருந்து பறிமுதலாகும் சொத்து என்று அரசுக்கு வர வேண்டிய ஒவ்வொன்றும் அவர் மேசைக்கு வரும். அமைதிக் காலத்தில் இது வறண்ட வேலை. ஆட்சி மாறிய காலத்தில் இதுவே மிகக் கூர்மையான கத்தி. ஓடிப்போன டியூக்கின் பின்னால் போனவர்கள் புதிய ஆட்சியின் பார்வையில் கலகக்காரர்கள். அவர்கள் சொத்து அரசுக்குச் சேர வேண்டியது. அத்தகைய வழக்கில் அரசுத் தரப்பில் எழுந்து நிற்பதுதான் இந்தப் பதவியின் வேலை. எதிர்த்தரப்பில் இருப்பவர் நேற்றுவரை ஒரே தெருவில் வாழ்ந்தவராக, ஒரே தேவாலயத்தில் மண்டியிட்டவராக இருக்கலாம். பறிமுதலான நிலம் பிரெஞ்சுத் தளபதிகளுக்கும் அரசரின் இத்தாலிய ஆதரவாளர்களுக்கும் போனது.

பிரெஞ்சு ஆட்சி வெறும் வாள் ஆட்சியாக இருக்கவில்லை. 1499 நவம்பரில் விஜேவானோவில் லூயி பிறப்பித்த ஆணை மிலானுக்கு ஒரு செனட்டை ஏற்படுத்தியது. அது பிரான்சின் உயர் நீதிமன்றங்களை ஒத்தது. பிரெஞ்சுக்காரர்களும் மிலான்காரர்களும் சேர்ந்து அமர்ந்தது. அரசரின் ஆணைகளே அங்கே சரிபார்க்கப்பட்டுப் பதிவானால்தான் நடைமுறைக்கு வரும். ஸ்ஃபோர்சாக்கள் காலத்தில் டியூக்கின் விருப்பத்துக்கு இவ்வளவு தெளிவான சட்டத் தடை இருந்ததில்லை. அந்நியர் கொண்டுவந்த இந்த அவை அந்நியர் போனபின்னும் போகவில்லை. திரும்பி வந்த ஸ்ஃபோர்சாக்களும், பின் ஸ்பானியர்களும் ஆஸ்திரியர்களும் அதை வைத்துக்கொண்டார்கள். 1786-இல் இரண்டாம் ஜோசப் கலைக்கும்வரை அது மிலானில் இருந்தது. மொரோனே போன்றவர்கள் பிரெஞ்சு ஆட்சியில் கண்டதில் ஒரு பங்கு இது: படித்த வழக்கறிஞர் வர்க்கத்துக்கு முன்னைவிடப் பெரிய இடம்.

1500: இரண்டு மாதச் சோதனை

விசுவாசம் எழுத்தில் இருந்தவரை சிக்கலில்லை. லூயி 1499 முடிவதற்குள் பிரான்சுக்குத் திரும்பினார். மிலானை ஜியான் ஜாகோமோ திரிவுல்சியோவிடம் விட்டுப்போனார். திரிவுல்சியோ மிலான்காரர், ஸ்ஃபோர்சாக்களோடு பகைத்துக்கொண்டு பிரெஞ்சுப் பக்கம் போன தளபதி. உள்ளூர்க்காரர் ஆளுநரானால் மக்கள் ஏற்பார்கள் என்று அரசர் நினைத்திருக்கலாம். நடந்தது நேர்மாறு. திரிவுல்சியோ நகரின் குவெல்ஃப் கட்சிக்குத் தலைவர். எதிர்க்கட்சியான கிபெல்லின் குடும்பங்களுக்கு இது அந்நியன் ஆட்சியைவிடக் கசப்பானது, பக்கத்து வீட்டுப் பகையாளியின் ஆட்சி. வரி குறையும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. வரி கட்ட மறுத்த கசாப்புக்காரர்கள் சிலரைத் திரிவுல்சியோ சந்தைச் சதுக்கத்தில் தன் கையாலேயே கொன்றார் என்று வரலாற்றாசிரியர் குயிச்சார்தினி எழுதுகிறார்.

1500 பிப்ரவரி தொடக்கத்தில் லுடோவிகோ சுவிஸ், ஜெர்மானியக் கூலிப்படைகளோடு திரும்பி வந்தார். ஐந்து மாதத்துக்கு முன் அவரைப் போகவிட்ட அதே நகரம் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றது. கோட்டை மட்டும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி பிற்பாடு இதை ஓர் ஆட்சிக் கலைப் பாடமாக்கினார்: புதிய அரசன் தன்னை வரவேற்றவர்களின் எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியாது, ஆகவே அவர்களையே முதலில் இழக்கிறான்.

ஏப்ரல் 10 அன்று நொவாரா நகரில் எல்லாம் முடிந்தது. இரு தரப்பிலும் சுவிஸ் வீரர்கள் இருந்தார்கள். தம் மக்களோடு மோத லுடோவிகோவின் சுவிஸ்காரர்கள் மறுத்தார்கள். மாறுவேடத்தில் அவர்களோடு கலந்து வெளியேற முயன்ற டியூக் அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டார். 1508-இல் பிரான்சின் லோஷ் கோட்டையில் கைதியாகவே இறந்தார்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 17, பெரிய வெள்ளிக்கிழமை. அரசரின் முதன்மை ஆலோசகர் கார்டினல் ஜார்ஜ் தாம்புவாஸ் முன் மிலான் மக்கள் ஊர்வலமாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். நகரத்துக்கு 3,00,000 டுகாட் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் அதில் பெரும்பகுதி தள்ளுபடியானது. பணத்தைவிட முக்கியமானது குற்றத்தின் பெயர். லூயிக்குச் செய்த சத்தியத்தை மிலான் மீறியது, ஆகவே அது கலகம். ஆனால் அந்த மக்களில் பெரும்பாலோர் லூயிக்கு முன் லுடோவிகோவுக்கும் சத்தியம் செய்திருந்தவர்கள். எந்தச் சத்தியம் செல்லும் என்பதை நொவாராவில் சுவிஸ் வீரர்களின் மறுப்பு முடிவு செய்தது. கருவூல வழக்கறிஞருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்திருக்காது. துரோகம் என்பது செயலின் தன்மையில் மட்டும் இல்லை; அடுத்த மாதம் யார் வெல்கிறார் என்பதிலும் இருக்கிறது.

மற்றவர்கள் எடுத்த முடிவு

மொரோனேயின் வழியை அவர் காலத்தவர்களின் வழிகளோடு வைத்துப் பார்த்தால்தான் அளவு தெரியும். பெர்னார்தினோ தா கோர்த்தே என்பவரை லுடோவிகோ தான் வளர்த்த ஆள் என்று நம்பி மிலான் கோட்டையை ஒப்படைத்துப் போனார். நீண்ட முற்றுகையைத் தாங்கும் அளவுக்கு உணவும் பீரங்கியும் உள்ளே இருந்தன. கோர்த்தே சில நாள்களில் பணம் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அவரால் பயனடைந்த பிரெஞ்சுக்காரர்களே அவரோடு பழக வெட்கப்பட்டார்கள் என்று குயிச்சார்தினி குறிப்பிடுகிறார்.

இன்னொரு முனையில் நிற்பவர் ஜாகோமோ அந்திரேயா. கட்டடக் கலைஞர், பண்டைய ரோமானியக் கட்டடக் கலை நூலாசிரியர் விட்ருவியஸை ஆழ்ந்து படித்தவர், லியோனார்தோ தா வின்சிக்கு நெருங்கிய நண்பர். ஸ்ஃபோர்சாவின் மீட்சிக்கு உழைத்ததற்காக 1500-இல் பிரெஞ்சுக்காரர் அவரைக் கொன்று உடலைத் துண்டாடினார்கள். லியோனார்தோவோ 1499 டிசம்பரில் மிலானை விட்டுப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, பிரெஞ்சு ஆளுநர் ஷார்ல் தாம்புவாஸிடமே வேலை பார்த்தார். அதற்காக அவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை.

கலேயாஸோ சான்செவெரினோவின் கதை இன்னும் சுவையானது. லுடோவிகோவின் மருமகன், அவருடைய படைத்தலைவர். நொவாராவில் பிடிபட்டார். சில ஆண்டுகளில் பிரெஞ்சு அரசரின் குதிரைப் பணிகளுக்கெல்லாம் தலைவரானார். 1525-இல் பவியா போரில் பிரெஞ்சு அரசருக்காகப் போரிட்டு உயிர்விட்டார். அவர் பக்கம் மாறியது பிரபுக்களின் உலகில் சாதாரணம். வாள் வைத்திருப்பவர் புதிய தலைவரைத் தேடிக்கொள்ளலாம், அதை வீரமாகக்கூட எழுதுவார்கள். பேனா வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. வீரர் கொண்டுவருவது தன் உடலை. எழுத்தர் கொண்டுவருவது முந்தைய ஆட்சியின் ரகசியத்தை. அதனாலேயே அவரை எல்லோரும் வேண்டினார்கள், யாரும் நம்பவில்லை.

நாற்காலி திரும்பி வந்தபோது

1512 ஏப்ரலில் ரவென்னாவில் பிரெஞ்சுப் படை வென்றது, ஆனால் அதன் இளம் தளபதி காஸ்தோன் தெ ஃபுவா அங்கேயே விழுந்தார். சில வாரங்களில் சுவிஸ் படை இறங்க, பிரெஞ்சுக்காரர் மிலானை விட்டுப் போனார்கள். டிசம்பர் இறுதியில் லுடோவிகோவின் மகன் மசிமிலியானோ டியூக்காக நகருக்குள் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சியின் வழக்கறிஞராக இருந்த மொரோனே இந்தப் புதிய டியூக்கின் நெருங்கிய ஆலோசகரானார். லெக்கோ நகரின் பிரபுப் பட்டமும் அவருக்கு வந்தது.

பதவிக் கொள்கை இங்கே ஓர் உண்மையான வேலை செய்தது. புதிய டியூக்குக்கு நாடு தெரியாது, வளர்ந்தது வெளிநாட்டில். அவரைக் கொண்டுவந்த சுவிஸ்காரர்களே உண்மையில் எசமானர்கள். எந்த ஊரில் எவ்வளவு வரி, எந்தக் குடும்பத்துக்கு எந்த உரிமை, எந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதெல்லாம் பழைய அதிகாரிகளின் தலைக்குள் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் வேலை பார்த்தவர்களை எல்லாம் விலக்கினால் மிலானை நடத்த ஆளில்லை.

1515 செப்டம்பரில் மரிஞானோவில் புதிய பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிஸ் சுவிஸ்காரர்களை முறியடித்தார். மசிமிலியானோ கோட்டைக்குள் ஒடுங்கினார். அக்டோபர் தொடக்கத்தில் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு பிரான்சில் வாழச் சம்மதித்து நாட்டை ஒப்படைத்தார். அந்த உடன்படிக்கையைப் பேசி முடித்ததில் மொரோனேயின் கை இருந்தது. ஆனால் இந்த முறை அவர் பிரெஞ்சு ஆட்சியில் நிலைக்கவில்லை. வெளியேறி, லுடோவிகோவின் இளைய மகன் பிரான்செஸ்கோவின் பக்கம் போனார். 1499-இல் செய்ததை 1515-இல் ஏன் செய்யவில்லை? முதல் முறை அவர் பெயர் தெரியாத இளைஞர். எந்த ஆட்சிக்கும் அவர் ஒரு கருவி. இரண்டாம் முறை ஒரு டியூக்கின் வலது கை. எந்த ஆட்சிக்கும் அவர் ஓர் அபாயம். நடுநிலை அதிகாரி என்ற வேடம் கீழ்ப்படிகளில் உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும்.

1521 நவம்பரில் போப்பும் ஐந்தாம் சார்லசும் சேர்ந்து பிரெஞ்சுக்காரரை மிலானிலிருந்து விரட்டினார்கள். புதிய டியூக் பிரான்செஸ்கோ வந்து சேரும்வரை நகரை அவர் பெயரால் ஆண்டவர் மொரோனே. ஆந்திரேயா என்ற அகுஸ்தீன் சபைத் துறவியின் பிரசங்கம் பிரெஞ்சுக்காரருக்கு எதிராக மக்களைக் கொதிக்க வைத்தது; அதற்குப் பின்னால் இருந்தவரும் மொரோனேதான். ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசரின் வருமானத்துக்காக வாதாடிய குரல், இப்போது அதே அரசருக்கு எதிராக ஒரு நகரத்தையே ஆயுதம் எடுக்க வைத்தது.

திரைச்சீலைக்குப் பின்னால்

1525 பிப்ரவரியில் பவியா போரில் பிரான்சிஸ் பேரரசரின் படையிடம் கைதியானார். மிலானுக்கு விடுதலை வரவில்லை. எசமானர் மட்டும் மாறினார். சம்பளம் கிடைக்காத பேரரசரின் படைகள் மிலான் வீடுகளில் தங்கி உறிஞ்சின. பட்டமளிப்புக்குப் பேரரசர் தரப்பு பல லட்சம் டுகாட் கேட்டது. மொரோனே ஒரு திட்டம் போட்டார். போப், வெனிஸ், பிரான்ஸ் ஆகியோரைச் சேர்த்துக்கொள்வது. பேரரசரின் தளபதி பெஸ்காரா பிரபுவுக்கு நேப்பிள்ஸ் அரச பதவியைக் காட்டி இழுப்பது. படையை உள்ளிருந்தே உடைப்பது. பெஸ்காரா நேப்பிள்ஸில் பிறந்தவர், ஸ்பானிய வம்சம். பவியாவில் தனக்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்று மனம் கசந்திருந்தார். இரண்டு பக்கமும் இழுபடும் ஆளை மொரோனே நன்றாக அறிவார். அப்படிப்பட்ட ஒருவரை விலைக்கு வாங்கலாம் என்று கணக்குப் போட்டார்.

பெஸ்காரா காது கொடுத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சார்லசுக்கு எழுதினார். அக்டோபர் நடுவில் நொவாராவில் நோய்ப்படுக்கையில் இருந்தபடி மொரோனேயைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்பானியத் தளபதி அந்தோனியோ தெ லேய்வா நின்றுகொண்டிருந்தார். திட்டம் முழுவதையும் பேச வைத்துக் கேட்டார்கள். விடைபெற்று வெளியே வந்த மொரோனேயைத் தெ லேய்வா கைது செய்தார். குயிச்சார்தினிக்கு இதில் தாங்க முடியாத வியப்பு. பெஸ்காராவைப் போல் நம்பத் தகாத, கெட்ட எண்ணம் கொண்ட ஆள் இத்தாலியில் இல்லை என்று மொரோனேயே முன்பு தன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார் என்கிறார் அவர். பெஸ்காரா அந்த டிசம்பரிலேயே இறந்தார்.

மரண தண்டனை விதிக்கப்பட்ட மொரோனே 20,000 டுகாட் தருவதாகச் சொல்லி உயிர் மீண்டார். விடுவித்தவர் பூர்போன் பிரபு. பிரெஞ்சு அரசரை விட்டுப் பேரரசர் பக்கம் வந்த இன்னொரு பக்கம் மாறியவர். சிறையிலிருந்து வந்த ஆள் சில நாள்களில் பூர்போனின் ஆலோசகராகி, விரைவில் அவரையே நடத்துபவராகவும் ஆனார். 1527-இல் ரோமைச் சூறையாடிய படையோடு இருந்தார். அடைபட்ட போப்போடு நடந்த பேச்சிலும் பங்கெடுத்தார். 1529 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் முற்றுகையின்போது, அந்நகருக்கருகே பேரரசரின் படைமுகாமில் இறந்தார்.

வரலாறு கொடுத்த இரண்டு முகங்கள்

மொரோனேயின் லத்தீன் கடிதங்களும் உரைகளும் 1863-இல் டூரினில் அச்சாயின. இத்தாலி ஒன்றுபட்டு அப்போது இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. அந்தத் தலைமுறை அவரிடம் அந்நியனை விரட்டத் துடித்த நாட்டுப்பற்றாளரைத் தேடியது. 1525 சதி அதற்குத் தோதாக இருந்தது. வேறு சிலர் அவரிடம் கொள்கையில்லாத சூழ்ச்சிக்காரரை மட்டும் கண்டார்கள். இரண்டும் அவருடைய காலத்துக்கு வெளியிலிருந்து வந்த அளவுகோல்கள். இத்தாலி என்ற நாடு அவருக்கு ஒரு சத்தியம் கேட்கும் தலைவராக இருக்கவில்லை. அவர் மாறாமல் பற்றிக்கொண்டிருந்தது மிலான் அரசு என்ற அமைப்பை: அதன் சட்டம், வருமானம், செனட், டியூக் பட்டம். அந்தப் பட்டம் யாருடைய தலையில் இருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. 1525-இல் அவர் ஸ்ஃபோர்சாவுக்காகச் சதி செய்ததும், மிலான் ஒரு தனி அரசாக மிஞ்ச அதுவே கடைசி வாய்ப்பு என்று தோன்றியதால்தான் என்று படிக்கலாம். அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது: 1535-இல் பிரான்செஸ்கோ வாரிசில்லாமல் இறந்ததும் மிலான் சார்லஸ் கைக்குப் போனது.

குயிச்சார்தினி அவரை அறிவுக்கும் நாவன்மைக்கும் நினைவில் நிற்க வேண்டியவர் என்று ஒப்புக்கொண்டார். குயிச்சார்தினியும் போப்புகளிடம் ஊழியம் பார்த்தவர். குருமார்களின் ஆட்சியை மனதுக்குள் வெறுத்தவர். அவருக்கு மொரோனே அந்நியமான விலங்கு அல்ல.

ஆனாலும் பதவிக்கே விசுவாசம் என்ற கொள்கைக்கு ஒரு குறை உண்டு, அதை மொரோனேயின் வாழ்வே காட்டுகிறது. அந்தக் கொள்கையால் ஓர் அதிகாரி எந்த ஆட்சி மாற்றத்தையும் சட்டப்படி நியாயப்படுத்திக்கொள்ளலாம். எந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பதை அது சொல்லித்தராது. 1499-இல் அது ஓர் இளைஞரைக் காப்பாற்றியது. ஒரு நகரத்தின் நிர்வாகமும் நீதிமன்றமும் குலையாமல் காக்க உதவியது. 1527-இல் அதே பழக்கம் தன் நகரத்தை உறிஞ்சிய படையின் ஆலோசகராக அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே காக்க வேண்டிய மிலான் அரசு எதுவும் அவர் கையில் இல்லை, தன் தலை மட்டும்தான் இருந்தது. ஆக்கிரமிப்பின் கீழ் வேலை பார்க்கும் அதிகாரியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அவர் எத்தனை தலைவர்களுக்கு உழைத்தார் என்பதல்ல. அவர் காப்பதாகச் சொன்ன அமைப்பு, அவர் உழைத்த ஒவ்வொரு முறையும் உண்மையில் இருந்ததா என்பதுதான்.